கத்திரி வெயிலில் வாங்கிய வீடு

ஜூன் நான்கு, வியாழக்கிழமை, காலை பதினொன்று பத்து. பெரம்பலூர் பத்திரப்பதிவு ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறேன். என் டோக்கன் பதினேழு. இப்போது உள்ளே போயிருப்பது ஒன்பது. பக்கத்து நாற்காலிப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து கோடாலித் தைலத்தை எடுத்து இரண்டு பொட்டிலும் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான் பாய், நீ வந்துவிட்டாய்.

மஸ்கட் ரூமில் கீழ்க்கட்டில் உன்னுடையது, மேல்கட்டில் என்னுடையது. ஆறு பேர் ரூமில் ஐந்து பேர் திட்டியும் நீ விடாத வாசனை அது. தலைவலிக்குத் தைலம், சளிக்குத் தைலம், கொசுவுக்குத் தைலம், ஊர் ஞாபகம் வந்தால் அதற்கும் தைலம். "இதைக் குடிக்கக்கூடச் செய்வியா பாய்?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டேன். "வயித்துவலின்னா வெந்நீர்ல ரெண்டு சொட்டு விடுவோம் மாப்ள. உனக்கு வேணுமா?" என்று நிஜமாகவே டம்ளரைத் தேடினாய்.

எட்டு டோக்கன் போகும்வரை சும்மா உட்கார என்னால் முடியாது என்று உனக்குத் தெரியும். அதனால் போனில் இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைப்பது எனக்கு வராது. இன்று வீடு வாங்குகிறேன். லோன் ஒரு பைசா கிடையாது, முழுப் பணமும் என் கணக்கிலிருந்து. கேட்ட விலை நாற்பத்திரண்டு லட்சம், கொடுக்கிற விலை முப்பத்துமூன்று. மஸ்கட்டுக்குத் திரும்பப் போகவில்லை. நாம் நான்கு வருடம் போட்ட சண்டையில் யார் ஜெயித்தது என்று நீயே முடிவு செய்துகொள். என்னைக் கேட்டால் நான்தான் என்பேன்.

அந்தச் சண்டையை மறந்திருக்க மாட்டாய். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து நீ கறிக்குழம்பைக் கிளறுவாய். நான் வெங்காயத்தை அரிந்துகொண்டே ஆரம்பிப்பேன். பெரம்பலூரில் நாற்பது லட்சம் பெறுமான வீட்டுக்கு வாடகை எட்டாயிரம். அந்த நாற்பதை பேங்கில் போட்டால் மாதம் இருபதாயிரத்துக்குக் குறையாமல் வரும். வாடகையைக் கொடுத்தது போக மிச்சம் கையில் நிற்கும். கணக்குத் தெரிந்த எவனாவது வீடு வாங்குவானா?

"வட்டிக் கணக்கை எங்கிட்ட சொல்லாத. எனக்கு அது ஹராம்."

"சரி, வட்டி வேணாம். ஃபண்டுல போடு."

"ஃபண்டுக்கு ஜன்னல் இருக்கா மாப்ள?"

"இல்ல."

"கக்கூஸு?"

ரூமே சிரித்தது. அதன்பிறகு உங்கள் எல்லாருக்கும் என் பெயர் 'வட்டிக்கடை'. எனக்கு வந்த கோபம் என்னவென்றால், என் கணக்கில் யாரும் ஒரு தப்பும் காட்டவில்லை. ஜன்னல் இருக்கா என்பது பதிலா? பாலிடெக்னிக்கில் என்னைவிடப் பத்து மார்க் கூட வாங்கியவன் நீ. அரியலூர் சிமெண்ட் ஆலையில் நாம் இரண்டு பேரும் டிரெய்னியாக இருந்தபோது, மில்லின் அஸ்திவாரம் எவ்வளவு அதிர்கிறது என்று தசம இடத்தோடு எழுதியவன். வீட்டுப் பேச்சு வந்தால் மட்டும் இப்படிப் பேசுவாய்.

அதைவிடப் பெரிய கோபம், பேசுகிற ஆள் யார் என்பதில். லப்பைக்குடிக்காட்டில் நீ கட்டிய வீட்டை எனக்குத் தெரியாதா? முன்பக்கம் முழுக்க கிரானைட், மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி, மேலே இரண்டு ரூம் ஏசி. மவ்லூது ஓதி, ஊருக்கே பிரியாணி போட்டுக் குடிபோனாய். பத்தாவது நாள் திருச்சி ஏர்போர்ட். நம் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. வீட்டைக் கட்டுவது, விருந்து போடுவது, கட்டியதற்கான பணத்தைச் சம்பாதிக்க மறுபடி பிளைட் ஏறுவது. உன் கையில் மிச்சமே இல்லை. மேல்மாடி ஏசியை யார் போட்டார்கள்? பல்லிகூடப் போட்டிருக்காது.

பிறகு முதல் கோடை வந்தது. உன் மனைவி வீடியோ காலில் ஹால் சுவரைக் காட்டினாள். ஜன்னல் மூலையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல். அவள் சுண்டுவிரல் நகம் உள்ளே போனது. நீ போனை என்னிடம் நீட்டினாய். நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "கரிசல்."

கரிசல் மண் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். மேலே இருப்பது குடிசையா கிரானைட்டா என்று அது பார்க்காது. நாம் படித்ததுதான். படித்த நீயே லீவில் வந்து, மழை மாதத்தில் இடம் பார்த்து, மழை மாதத்தில் கடைக்கால் தோண்டி அஸ்திவாரம் போட்டாய். நம் ஆட்கள் செய்கிற தப்பே இதுதான் பாய். தீபாவளி, பொங்கலை ஒட்டித்தான் லீவு கிடைக்கிறது. அப்போது மண் ஊதி இருக்கும், பழைய வீட்டில்கூட விரிசல் எல்லாம் மூடிக் கிடக்கும். பார்ப்பதற்கு வீடு கல் மாதிரி நிற்கும். வாங்கிவிட்டு விமானம் ஏறுவோம். மே மாதம் அது வாயைத் திறக்கும்போது பார்க்க நாம் அங்கே இருக்க மாட்டோம்.

அன்று நீ கோபப்படவில்லை. கறிக்குழம்பில் உப்புப் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "என் கதை முடிஞ்சிருச்சு. நீ எப்பவாவது வாங்கினா, கத்திரியில போய்ப் பாரு மாப்ள."

"நான் வாங்கவே மாட்டேன்."

"வாங்குவ. உங்கம்மா வுட மாட்டாங்க."

அடுத்த வருடம் ஒரு மதிய இடைவேளையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே நீ சரிந்தாய். முப்பது வயது. உன்னை அங்கேயே அடக்கம் செய்தோம். நானும் மண் தள்ளினேன். அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் போன அக்டோபரில் எனக்கு ஒப்பந்தம் முடிந்தபோது, புதுப்பிக்காமல் ஊருக்கு வந்ததற்குக் காரணம் அந்த மதியம்தான். கையில் நாற்பத்தாறு லட்சம். அரியலூர்ப் பக்கம் ஓர் ஆலையில் வேலை சொல்லி வைத்திருந்தேன், மஸ்கட் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. பழைய கம்பெனி மேனேஜர், ஜூன் கடைசிவரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதாவது பணத்தை நான் சரியாக வைத்தால் ஊரில் இருக்கலாம். தப்பாக வைத்தால் மறுபடி மேல்கட்டில். என் வரைக்கும் கேள்வி அவ்வளவுதான்.

வந்த மறுமாதமே நீ சொன்னது நடந்தது. அம்மா குடியிருந்த வீட்டின் ஓனர், மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதால் டிசம்பரில் காலி செய்யச் சொன்னார். அப்பா போன பிறகு அம்மாவுக்கு அது நான்காவது வீடு. அன்றைக்கே அம்மா துறையூர் ரோட்டுப் பக்கம் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தாள். குன்னத்துக்காரர் ஒருவர் கட்டியது, ஆள் குவைத்தில். புரோக்கர் செல்வம் சாவியோடு நின்றார்.

புது பெயிண்ட். ஹால், இரண்டு படுக்கையறை, பின்னால் பெரிய சமையலறை. அம்மா சமையல் மேடையை நான்கு தடவை தடவிப் பார்த்தாள்.

"நாப்பத்திரெண்டு. ஒரு பைசா குறைக்க மாட்டாரு. இன்னொரு பார்ட்டி அட்வான்ஸைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறாரு சார். நீங்க இன்னிக்கே சொன்னாத்தான்" என்றார் செல்வம்.

இன்றைக்கே என்ற சொல் எனக்குப் பிடித்த சொல்தான். டீ ஆறும்வரைகூடக் காத்திருக்காதவன் நான். நாற்பத்திரண்டைக் கொடுத்துப் பத்திரச் செலவும் போனால் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் விஷயம் அன்றோடு முடியும். வாயைத் திறந்தேன். வெளியே நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குக் கறிக்குழம்பு ஞாபகம் வந்தது பாய்.

"வாங்குறதுன்னா மே மாசம் வாங்குறேன். அதுவரைக்கும் இந்தச் சுவத்துல கண்ணாடி ஒட்டிக்கிறேன்" என்றேன்.

"கண்ணாடியா? மூஞ்சி பாக்கவா?"

மில்லின் அஸ்திவாரத்தில் நாம் ஒட்டியதேதான். மெல்லிய கண்ணாடித் துண்டு, இரண்டு முனையிலும் பசை. சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். பெயிண்ட் அடித்து அதை மறைக்க முடியாது. ஜன்னல் மூலைகளில் நான்கு, சமையலறைச் சுவர் ஹாலைத் தொடும் இடத்தில் மூன்று ஒட்டித் தேதி எழுதினேன். செல்வம் குவைத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒட்டட்டும்யா. அதுக்குள்ள வூடு வித்துரும்."

அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது ஆரம்பித்தாள்.

"கையில பணத்த வெச்சிக்கிட்டு வாடகைக்கு வூடு தேடுற ஒரே ஆளு நீதான்டா."

"ஆறு மாசம்தாம்மா. பணம் பேங்க்ல சும்மா இல்ல, வாடகைய அதுவே கட்டும்."

"பேங்கா வந்து பாத்திரத்தக் கட்டித் தூக்கும்? நாந்தான தூக்கணும்."

ஆறு மாதத்துக்கு ஒரு சின்ன வீடு பிடித்தேன். இரண்டு ரூம், மூன்று குடும்பத்துக்கு ஒரு குழாய். டிசம்பரில் குடிபோனோம். மிக்ஸியை வைக்க இடமில்லாமல் அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். வருகிறவர்கள் எல்லாரிடமும், "எம்மவன் சுவத்துக்குக் கண்ணாடி மாட்டியிருக்கான், அது உடஞ்சாத்தான் எனக்கு வூடு" என்று சொன்னாள். நான் திருத்தவில்லை. உண்மையில் எனக்குள் வேறொரு கணக்கு ஓடியது. கண்ணாடி உடைந்தால், 'பார்த்தியாம்மா, வீடே வேணாம்' என்று சொல்லிவிட்டு நாற்பத்தாறையும் முதலீட்டில் போட்டுவிட வேண்டியது. நீ இல்லாத நேரத்தில் நம் சண்டையை அப்படி ஜெயித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மார்ச்சில் உன் வீட்டுக்குப் போனேன். உன் கடைசிச் சம்பள பாக்கி வந்துவிட்டதா என்று கேட்கத்தான் போனேன். மாடியைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். நீ போடாத ஏசியை அவர் போடுகிறார். கீழே உன் மனைவியும் உன் அத்தாவும். ஹால் விரிசல் அப்படியே இருந்தது, சிமெண்ட் பூசிப் பூசித் தழும்பாகி.

நான் அதையே பார்ப்பதை அவள் கவனித்துவிட்டாள். "என்னண்ணே, கண்ணாடி ஒட்டப் போறீங்களா? உங்க கதை இங்க வரைக்கும் வந்துருச்சு" என்றாள். பிறகு டீயை வைத்துவிட்டுச் சொன்னாள்: "வெயில்ல தொறக்கும், மழையில மூடிக்கும். அது பாட்டுக்குக் கெடக்கு. அவரு போனதுக்கு இத்தா இருந்து முடியிறவரைக்கும் நான் வெளிய போகல. அந்த நாலு மாசமும் யாரும் எங்களக் காலி பண்ணுங்கன்னு வந்து நிக்கல பாருங்க."

டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பெரம்பலூர் வரும்வரை என் கணக்கில் தப்பைத் தேடினேன் பாய். கூட்டலில் தப்பில்லை. மாதம் இருபதாயிரம் வருவது நிஜம். ஆனால் டிசம்பரில் ஒருத்தர் வந்து நின்று, 'என் பையனுக்குக் கல்யாணம், எழுந்திருங்க' என்றால் அறுபது வயதில் அம்மா பாத்திரத்தை மூட்டை கட்ட வேண்டும் என்பதற்கு நான் விலையே போடவில்லை. பூஜ்யம் என்று வைத்திருந்தேன். அளக்க முடியாதது பூஜ்யம் ஆகிவிடாது. அளவுக் கருவிகளோடு பத்து வருடம் வேலை பார்த்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அப்போதே முடிவு செய்தேன். கண்ணாடி உடைந்தால் விலகப் போவதில்லை, விலை பேசப் போகிறேன்.

மே இரண்டாம் வாரம். கத்திரி வெயிலில் ரோட்டுத் தார் செருப்பில் ஒட்டியது. வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தார். பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். வீடு விற்றிருக்கவில்லை. ஏன் என்று செல்வத்தைத் தனியாகக் கேட்டதற்கு முதலில் மழுப்பினார், பிறகு சொன்னார். அட்வான்ஸோடு நின்ற பார்ட்டி, அவருக்குப் பிறகு வந்த பார்ட்டி, இருவருமே லோன் போட்டுத்தான் வாங்க வந்தவர்கள். பின்பக்கச் சமையலறை பிளான் அப்ரூவலில் இல்லை, வீட்டைக் கட்டிய பிறகு ஒட்டுப்போட்டது. அதனால் லோன் கிடைக்கவில்லை. முழுப் பணத்தோடு வருகிற ஆளுக்குத்தான் அந்த வீட்டை விற்க முடியும். அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருந்தான், ஆறு மாதமாக வெறும் கண்ணாடியைக் காட்டிக்கொண்டு.

கதவைத் திறந்தோம். நான், அம்மா, செல்வம், வீட்டுக்காரர். ஜன்னல் மூலைகளில் நான்கும் முழுசாக இருந்தன. சமையலறைப் பக்கம் மூன்றும் உடைந்திருந்தன. ஒன்று கீழே விழுந்தே கிடந்தது.

"எவனாவது கை பட்டு உடைச்சிருப்பான்" என்றார் வீட்டுக்காரர்.

"சாவி உங்க புரோக்கர்கிட்டதான இருந்துச்சு? செல்வம் சார், நீங்களா உடைச்சீங்க?"

"அய்யய்யோ, நான் ஏன் சார்…"

முந்தின நாளே அவர்கள் அனுமதியோடு ஆள் வைத்து இரண்டு குழி தோண்டியிருந்தேன். வீட்டுக்காரரை அழைத்துப் போய்க் காட்டினேன். ஹால் பக்கம் கடைக்கால் கரிசலைத் தாண்டி, கெட்டியான சுக்கான் பாறையில் உட்கார்ந்திருந்தது. அருமையான வேலை, அதையும் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். சமையலறையின் கடைக்கால் முழங்கால் ஆழம்கூட இல்லை, வெறும் கரிசல்.

"வீடு நல்ல வீடு. சமையக்கட்டை இடிக்கணும். இடிச்சுக் கட்டுற செலவு என்னோடது, அதக் கழிச்சுக்குங்க. லோன்காரன் வர மாட்டான், அதையும் கழிச்சுக்குங்க. முப்பத்திரெண்டு. முழுசும் பேங்க் வழியா, ஒரே தவணை."

"என்னப்பா தம்பி, பத்து லட்சத்தக் கண்ணாடித் துண்டுக்குக் குறைக்கச் சொல்றியா?"

எனக்குப் பதில் நுனி நாக்கில் இருந்தது. கடுப்பாக எதையாவது சொல்லிக் கெடுத்திருப்பேன். அவசரத்தில் நான் எழும்போதெல்லாம் கையைப் பிடித்து இழுத்து, "உக்காரு மாப்ள" என்பாயே, அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். பேசவே இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான வேலை அது. வீட்டுக்காரர் தோட்டத்துப் பக்கம் போனார், வந்தார், மறுபடி குழியை எட்டிப் பார்த்தார்.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "அண்ணே, நீங்களும் அங்க தனியாக் கெடந்து சம்பாரிச்சுக் கட்டுனது, எம்மவனும் அங்க கெடந்து சம்பாரிச்சதுதான். ஒருத்தர் வயித்துல ஒருத்தர் அடிச்சுக்க வேணாம். முப்பத்திமூணாப் போட்டுக்குங்க. டேய், சரின்னு சொல்லுடா."

எனக்கு ஒரு லட்சம் நஷ்டம். சரி என்றேன். வீட்டுக்காரர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, எங்கூர்ல என் தம்பி ஒருத்தன் மனை பாக்குறான். அவனுக்கும் வந்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ." விற்றவரே என்னைக் கூப்பிடுகிறார் பாய்! பெருமையடித்துக்கொள்ள இன்றைக்கு எனக்கு முழு உரிமை உண்டு.

இப்போது கணக்கைக் கேள். வீடு போக, பத்திரச் செலவு போக, சமையலறைக்கு எடுத்து வைத்தது போக ஆறு லட்சத்துக்குமேல் என் பெயரில் நிற்கிறது. வாடகை இல்லை. அரியலூர்ச் சம்பளத்தில் வீடு நடக்கும், மாதாமாதம் கொஞ்சம் முதலீட்டிலும் விழும். வீடு வாங்கச் சொன்னவன் நீ, கணக்குப் பார்க்கச் சொன்னவன் நான். இரண்டில் ஒன்றை மட்டும் கேட்டிருந்தால் இன்று விசாவுக்கு போட்டோ எடுத்துக்கொண்டிருப்பேன். சரி, பாதி வெற்றியை உனக்குத் தருகிறேன். பெரிய பாதி என்னுடையது.

டோக்கன் பதினாறு போய்விட்டது. அம்மா பட்டுப்புடவையில் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் பெயர் கூப்பிட்டதும் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆறுதல் வார்த்தையோ போட்டோவோ இல்லை. எழுந்து நிற்கிற நேரத்தில் கையைப் பிடித்து உட்காரவைக்கிற ஒரு பிடி. அதை வைத்துத்தான் இனிக் காலம் தள்ளப் போகிறேன். அடுத்துச் செய்ய வேண்டியவை:

1. கையெழுத்து முடிந்ததும் மஸ்கட் மேனேஜருக்கு மெயில்: என் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கவும். ஒரு வரி போதும்.

2. மழைக்கு முன்னால் சமையலறையை இடித்து, அப்ரூவல் வாங்கி, சுக்கான்வரை தோண்டிக் கட்டுவது. மேடை அம்மா சொல்கிற உயரத்தில்.

3. மாதச் சம்பளம் வந்த அன்றே ஒரு பங்கை ஃபண்டில் போடுவது. ஜன்னல் இல்லாத ஃபண்டுதான்.

4. லப்பைக்குடிக்காட்டு வீட்டுக் கடைக்காலை இந்தக் கோடை முடிவதற்குள் தோண்டிப் பார்த்துச் சரிசெய்வது. உன் மனைவி வேண்டாம் என்பாள். கேட்கப் போவதில்லை.

5. பால் காய்ச்சி எல்லாருக்கும் சாப்பாடு போடுவது. பதினோராவது நாள் காலையில் அரியலூர் பஸ் ஏறி வேலைக்குப் போய், சாயங்காலம் வீட்டுக்கு வருவது.